காய் இல்லை

"உங்க பட்டைய வந்து எடுத்துட்டுப் போயிருங்க கண்ணு" என்று போனில் ஓர் அம்மாள் சொன்னார்.

அந்தப் போனை சிந்துஜா எடுத்திருக்கவே கூடாது. வாடிக்கையாளர்களிடம் பேசுகிற பெண் தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தாள். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. பக்கத்து நாற்காலி ரஃபீக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதுவும் கேட்காதவன் போல உட்கார்ந்திருந்தான். முகம் தெரியாதவரோடு பேசுவது என்றால் சிந்துஜாவுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். இருந்தாலும் எடுத்தாள்.

"பட்டை வேலை செய்யலீங்களா?"

"நல்லாத்தான் வேலை செய்யுதுங். அதான் கஷ்டம்."

"எனக்குப் புரியலைங்க…"

"எங்கூட்டுக்காரரு ரொம்ப நல்லாப் பேசறாருங். காலைல காப்பி குடுத்தா 'மிக்க நன்றி, வசந்தாமணி'ங்கறாரு. முப்பத்தேழு வருசத்துல எனக்கு நன்றி சொன்னதில்லீங். எம் பேரையும் சொன்னதில்லீங். யாரோ ஒருத்தரு எங்கூட்டுல வந்து உக்காந்துட்டு, இவரு குரல்ல பேசறாப்ல இருக்குது. எடுத்துட்டுப் போயிருங்க. வேற பாவம் யாருக்காச்சும் குடுங்க."

சிந்துஜா என்ன சொல்வது என்று யோசித்தாள். வாய்க்கு வார்த்தை வருவதற்குள் அந்த அம்மாள் விலாசத்தைச் சொல்லி போனை வைத்துவிட்டார்.

ரஃபீக் ஹெட்போனைக் கழற்றினான். "என்னவாம்?"

"நன்றி சொல்றாராம்."

"யாரு?"

"புருஷன்."

"அடப்பாவமே" என்றான் ரஃபீக், உண்மையான வருத்தத்தோடு.

பீளமேட்டில் ஒரு மூன்றாவது மாடியில் இருந்த அந்தக் கம்பெனி குரல்பட்டை செய்கிறது. பக்கவாதம் வந்து பேச்சு போனவர்கள் கழுத்தில் கட்டிக்கொள்வது. தொண்டைத் தசை அசைவதைப் படித்து, இன்ன சொல்லைச் சொல்ல வருகிறார் என்று கண்டுபிடித்து, அவருடைய பழைய குரலிலேயே பட்டை பேசிவிடும். குரலை ஏதாவது கல்யாண வீடியோவிலிருந்தோ வாட்ஸ்அப் ஆடியோவிலிருந்தோ எடுத்துக்கொள்வார்கள். பட்டைக்குள் எட்டாயிரம் சொல் இருக்கும். தொண்டை அசைவு அவற்றில் எதனோடும் ஒத்துப்போகாவிட்டால் பட்டை பேசாமல் இருந்துவிடும்.

அந்தப் பேசாமல் இருப்பதைப் பற்றித்தான் நிறையப் புகார் வந்துகொண்டிருந்தது.

நான்கு மாதத்துக்கு முன்பு, கம்பெனியை நடத்துகிற பத்மநாபன் அவளைக் கூப்பிட்டார்.

"எட்டாயிரம் சொல் பத்தலைம்மா. பட்டைக்குத் தெரியலைன்னா வெளிய போய்க் கேட்டுட்டு வரட்டுமே. சர்வர்ல கோடிக்கணக்கான வீட்டுப் பேச்சு இருக்கு. இந்த நேரத்துல இந்த மாதிரி மனுஷன் என்ன சொல்ல வருவார்னு அது சொல்லிடும்."

"சார், நம்ம ஸ்டாண்டர்ட் லைப்ரரில வெப் ரிக்வஸ்ட்டுக்கு…"

"வழியே இல்ல. தெரியும். அதைத்தான் நீ சேர்க்கணும்."

அவள் சொல்ல வந்தது அதுவல்ல. வழியே இல்லாமல் வைத்திருப்பதற்குக் காரணம் ஏதாவது இருக்குமா என்று கேட்க வந்தாள். அவளுக்கு எப்போதும் நடப்பதுதான். பாதியில் மூச்சு வாங்குவாள். மீதியை அடுத்தவர் முடித்துவிடுவார். முடித்தது வேறொரு வாக்கியமாக இருக்கும். திருத்தச் சங்கடப்பட்டு அதற்கே தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள். இயற்பியல் வாய்மொழித் தேர்வில்கூட இப்படித்தான் ஆசிரியரே அவளுக்கான பதிலையும் சொல்லி மதிப்பெண்ணும் போட்டார்.

பட்டைக்குள் ஓடுகிற எந்த அப்ளிகேஷனும், பேச வைப்பதானாலும் மாத்திரை நேரத்தை நினைவுபடுத்துவதானாலும், அந்த ஒரே ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலிருந்துதான் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். நேரம் பார்க்க, ஒலியைப் படிக்க, எழுதி வைக்க எல்லாவற்றுக்கும் அதில் ஃபங்ஷன் உண்டு. வெளியே போவதற்கு மட்டும் கதவு கிடையாது. ஆறு வாரத்தில் சிந்துஜா அந்தக் கதவைக் கட்டினாள். 'போய்வா' என்று அதற்குப் பெயர் வைத்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல வழியனுப்பற மாதிரி இருக்கு" என்றான் ரஃபீக்.

"போனா வரணும்ல."

"அது சரி. மனுஷன் பேச ஆரம்பிச்சப்பறம் பட்டை எவ்வளவு நேரம் பொறுத்துப் பாத்துட்டு வெளிய போகும்?"

அதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள். நூறு வீட்டுப் பேச்சுகளைப் பதிவு செய்து கேட்டாள். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க ஒரு விநாடிகூட ஆகவில்லை. பாதி நேரம், முடிப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். அவள் வீட்டிலும் அப்படித்தான். அதனால் மூன்று விநாடி என்று வைத்தாள். மிகவும் தாராளமாக வைத்துவிட்டோம் என்றே நினைத்தாள். லைப்ரரியில் ஒரு தடவை எழுதிவிட்டால், யாரும் வேறு எண் கொடுக்காதவரை எல்லாப் பட்டைக்கும் அதுதான்.

சோதனைக்குப் பத்து வீடுகளில் கொடுத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை நாற்பதாயிரம் பட்டைகளுக்கும் போவதாக ஏற்பாடு.

கணபதியில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்த வீடு. இரண்டு பக்கமும் பம்ப் செட் ஒர்க் ஷாப்கள். இரும்புத் துருவல் வாசனை வாசல் வரை வந்தது. வசந்தாமணிக்கு அறுபது வயதிருக்கும். கொசுவத்தை இடுப்பில் செருகியிருந்தார். கதவைத் திறந்ததும், "நீங்களா போன்ல பேசினது? ஏங் கண்ணு, எங்கூட்டுக்காரரை விட நீங்க கம்மியாப் பேசறீங்க" என்றார்.

சிந்துஜா சிரித்தாள். அதற்குப் பதில் தேவைப்படவில்லை.

முன்னறையில் சன்னல் ஓரம் நாற்காலியில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. வலது கை மடியில் கிடந்தது. கழுத்தில் சாம்பல் நிறப் பட்டை. வாதம் அவருடைய பேச்சோடு எழுத்தையும் கொண்டுபோயிருந்தது. பிறர் பேசுவது மட்டும் முழுதாகப் புரியும் என்று கோப்பில் இருந்தது.

அறையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. காய்கறி. மேசைமேல் சுரைக்காய், மேசைக்கு அடியில் பூசணி, சன்னல் திட்டில் வரிசையாகப் பீர்க்கங்காய்.

"வணக்கம் சார்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். தொண்டை அசையத் தொடங்கியது. உதடு கோணியது. அவள் மனதுக்குள் எண்ணினாள். மூன்றில் பட்டை பேசியது, கனமான, கொஞ்சம் கரகரத்த, நல்ல குரலில்.

"வாருங்கள், நலமாக இருக்கிறீர்களா? வசந்தாமணி, காய் இல்லை. வாங்கி வருகிறாயா?"

நாச்சிமுத்து இடது கையால் நாற்காலியின் பிடியை ஓங்கித் தட்டினார்.

"பாத்தீங்களா" என்றார் வசந்தாமணி. "தினம் இதேதானுங். காய் இல்லை, காய் இல்லை. நானும் வாங்கியாந்து கொட்டறேன். கொண்டாந்து காட்டினா தலையாட்டறாரு. பீர்க்கங்காயா? இல்லைங்கறாரு. சுரைக்காயா? இல்லைங்கறாரு. புடலங்காயும் இல்லை. வாழைக்காயும் இல்லை. சந்தையில எல்லாக் காயும் தீந்து போச்சுங். இனி எங்க போறது நானு?"

"முன்னாடி எந்தக் காய் பிடிக்கும்ங்க?"

"முன்னாடி காயைப் பத்தி ஒரு வார்த்தை பேசுவாருங்களா? தட்டுல என்ன கெடக்குதோ அதைத் திம்பாரு. கல்லைப் போட்டாலும் கேக்க மாட்டாரு."

நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

வசந்தாமணி அவளுக்கு மோர் கொண்டுவந்தார். எதிரில் உட்கார்ந்து, "இத்தனை பேச்சு எங்கிருந்து கண்ணு வருது இவருக்கு? நெசத்தைச் சொல்லுங்க" என்றார்.

சிந்துஜா மெதுவாகச் சொன்னாள். இந்த வீட்டில் யாரும் அவள் வாக்கியத்தை முடித்துவைக்க முற்படவில்லை என்பதைப் பாதியில்தான் கவனித்தாள். பட்டைக்குள் எல்லா வேலைக்கும் பொதுவான சாமான்கள் கொண்ட ஓர் அலமாரி இருக்கிறது. அதிலிருந்து இப்போது வெளியே போகவும் ஒரு வழி வைத்திருக்கிறது. அவர் சொல்ல வந்தது பட்டைக்குத் தெரியாவிட்டால் வெளியே ஆள் அனுப்பும். அங்கே இருப்பதில் பொருத்தமான வாக்கியத்தை வாங்கிவந்து பேசும்.

"ஓ. ஸ்டாண்டர்ட் ஐட்டம்" என்றார் வசந்தாமணி உடனே.

"ஆமாங்க, அதேதான்."

"எங்களுக்குத் தெரியுமுங். நாங்க ரெண்டு பேரும் ஒரே ஒர்க் ஷாப்பு. இவரு லேத்து, நானு மோட்டாருக்குச் செம்புக் கம்பில காயில் சுத்தறது. போல்ட்டு, நட்டு, பேரிங்கெல்லாம் வெளிய வாங்கிக்கறது. ஸ்டாண்டர்ட் சைசு. ஷாஃப்டு மட்டும் இவரே கடையோணும்." ஒரு வாய் மோர் குடித்துவிட்டு, "அப்ப எம் பேரு போல்ட்டுங்களா?" என்றார்.

சிந்துஜாவுக்கு முகம் சுட்டது.

"அந்தப் போல்ட்டையும் இவரு அப்படியே போட மாட்டாருங். கைல வாங்கி உருட்டிப் பாப்பாரு. மரை சரியில்லைன்னா தூக்கி வீசிருவாரு. இது என்னடான்னா அவரைக் கேக்காம அவரு வாயிலயே முடுக்கி விடுது."

"சார் முன்னாடி உங்களை எப்படிங்க கூப்பிடுவார்?"

வசந்தாமணி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எப்படியோ கூப்பிடுவாருங். அதெல்லாம் எதுக்கு இப்ப." நாற்காலியிலிருந்தவரின் முகத்தில் நல்ல பக்கம் மட்டும் லேசாக மலர்ந்ததை சிந்துஜா பார்த்தாள்.

"சீக்கிரம் பேசுவாரா?"

"இவரா? ஒண்ணைக் கேட்டுப்போட்டு நான் போயித் துணி காயப்போட்டுட்டு வந்தாப் பதில் வரும். வாதம் வர்றதுக்கு முன்னாலயே அப்படித்தான். அளந்துட்டுத்தான் வெட்டுவாரு." அடுக்களை வாசலில் நின்று திரும்பினார். "சனிக்கிழமை வரைக்கும் பாக்கறனுங். அப்பறம் கழட்டிருவேன். இவரு பேசாட்டிப் பரவால்லீங். பேசாம இருந்தா, இவருதான் பேசாம இருக்காருன்னாச்சும் தெரியும்."

நாச்சிமுத்துவின் இடது கை மேலே போய்ப் பட்டையை இறுகப் பற்றிக்கொண்டது. வசந்தாமணி அதைப் பார்க்கவில்லை. சிந்துஜா பார்த்தாள்.

அலுவலகத்துக்கு வந்ததும் அந்த வீட்டுப் பதிவேட்டைத் திறந்தாள். தொண்டை அசையத் தொடங்கிய நேரம். மூன்று விநாடி. கோரிக்கை வெளியே போனது. அரை விநாடியில் பதில் வந்தது. பட்டை பேசியது. எல்லாம் எழுதியது எழுதியபடி நடந்திருந்தது. அதற்குக் கீழே, யாரும் பார்க்கிற வழக்கமில்லாத ஒரு வரி இருந்தது. 'தாமதம், விடப்பட்டது.'

அந்த வரியை அவள்தான் எழுதியிருந்தாள். பட்டை பேசி முடித்த பிறகும் மனிதருடைய தொண்டை அசைந்துகொண்டிருந்தால், அந்த அசைவை வீணென்று தள்ளிவிட வேண்டும். இரண்டு குரலும் மோதக் கூடாதே என்று.

நாச்சிமுத்துவின் தொண்டை ஒரு தடவைகூட மூன்று விநாடிக்குள் முடிக்கவில்லை. எட்டு, ஒன்பது, சில சமயம் பதினொன்று. தள்ளிவிட்டவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். நாற்பத்தொரு தடவை ஒரே வடிவம். பத்தொன்பது நாளில் நாற்பத்தொரு தடவை, அந்த மனிதர் ஒரே சொல்லை முடிக்கப் பார்த்திருக்கிறார்.

அதை ஒலியாக்கி ரஃபீக்குக்குப் போட்டுக் காட்டினாள். தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல இருந்தது.

"காய் இல்ல" என்றான் ரஃபீக்.

"நல்லாக் கேளு."

"காய் இல்லன்னுதான் சொல்றாரு. எட்டாயிரத்துல இது தனிச் சொல்லா இல்ல. சர்வர் சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கு. இதுல நம்ம தப்பு என்ன இருக்கு?"

அவளுக்கும் அப்படித்தான் கேட்டது. "நாப்பத்தொரு தடவை ஒருத்தர் காயைக் கேப்பாரா? வீடு முழுக்கக் காய் இருக்கறப்ப?"

"எங்க அத்தா பிரியாணியைக் கேப்பாரு."

அவள் சிரிக்கவில்லை. ரஃபீக் நாற்காலியை நகர்த்தி அருகில் வந்தான். "சரி, இதைப் பாரு." இன்னொரு வீட்டின் கருத்துப் படிவம். சிங்காநல்லூர். அப்பாவும் மகளும் இருக்கிற வீடு. மகள் எழுதியிருந்தாள்: 'நான் என் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அப்பா என்னிடம் சரியாகப் பேசியதில்லை. போன வாரம் முதல் தடவையாக என்னை மன்னிச்சிக்கோ என்று சொன்னார். உங்கள் எல்லோருக்கும் நன்றி.'

சிந்துஜா அந்த நாளின் பதிவைத் தேடினாள். தொண்டை அசைந்த இடத்தில் ஒன்றுமே தெளிவாக இல்லை. வெறும் இருமலாகக்கூட இருக்கலாம். மூன்று விநாடி. கோரிக்கை போயிருந்தது. 'மன்னிச்சிக்கோ' வெளியிலிருந்து வந்திருந்தது.

ரஃபீக் அந்தப் பதிவை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தான்.

"அவர் இல்லன்னு சொல்லலியே" என்றான் ரஃபீக்.

"எதை வச்சுச் சொல்லுவார்? சொல்ற வாய் நம்மகிட்டல்ல இருக்கு."

"அந்தப் பொண்ணுகிட்டப் போய் இதைச் சொல்லப்போறியா?"

அவள் படிவத்தை மூடினாள். அன்று மாலையும் மறுநாளும் லைப்ரரியில் தான் எழுதியதை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றை எடுத்தாள். அந்த இடத்தில் எந்த எண்ணையும் வைக்கவில்லை. வெளியே போகிற கதவை மூடவில்லை; தெரியாத அசைவென்றால் பட்டை உடனே போய் வரலாம். வாங்கிவந்த வாக்கியத்தை மட்டும் பட்டை உரக்கச் சொல்லாமல், காதோரம், அவருக்கு மட்டும் கேட்கும்படி முதலில் சொல்ல வேண்டும். அவர் பட்டையின் பொத்தானை அழுத்தினால்தான் அது வாய்க்கு வரும். அழுத்தாவிட்டால் வீசிவிட வேண்டும். அவர் தொண்டை அசைந்துகொண்டே இருந்தால், முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். முடிந்தது எந்தச் சொல்லோடும் ஒத்துப்போகாவிட்டால், திருத்தாமல், அந்த ஒலியை அப்படியே பெரிதாக்கி வெளியே விட வேண்டும்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பத்மநாபன், "திங்கட்கிழமைக்கு எல்லாம் தயார்தானே?" என்று கேட்டார்.

"சார், அந்த மூணு விநாடி…"

"கூட இருக்கு, ரெண்டு போதும்கறியா? பாக்கலாம்."

அவள் தலையாட்டப் போனாள். பாதித் தலையாட்டலில் நிறுத்திக்கொண்டாள்.

"இல்ல சார்" என்றாள். அறையில் எல்லோரும் திரும்பினார்கள். அடுத்த சொல் வரவில்லை. பத்மநாபன் வாயைத் திறந்தார். ரஃபீக் மேசைமேல் பேனாவைத் தட்டினான், சத்தமாக. அவர் அவனை முறைப்பதற்குள் அவளுக்கு வந்துவிட்டது.

"மூணு நான் வச்சது. தப்பா வச்சுட்டேன். நிதானமாப் பேசறவங்க பேசறதுக்கு முன்னாடியே நம்ம பட்டை பேசிடுது. நாம அவங்களுக்குப் பேச்சு குடுக்கல சார். அவங்க வாயை வாடகைக்கு எடுத்திருக்கோம்."

தான் மாற்றி எழுதியதை விளக்கினாள். நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னாள். ஐந்து நிமிடமானது.

பத்மநாபன் மோசமான மனிதர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒம்பது வீட்டுல சந்தோஷமா இருக்காங்கம்மா. நீ சொல்ற மாதிரி பண்ணினா மறுபடி பேசாம உக்காந்திருப்பாங்க. மறுபடி புகார் வரும். அந்த ஒரு வீட்டுல போட்டுப் பாரு. நாளைக்கு அந்த அம்மா பட்டை இருக்கட்டும்னு சொன்னா, நீ எழுதினது போகட்டும். சொல்லாட்டி, திங்கட்கிழமை பழையதுதான். சரியா?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் கணபதிக்குப் போனாள். வசந்தாமணி அடுக்களையில் இருந்தார்.

"பண்றதைப் பண்ணிப்போட்டுக் கழட்டிக்குங்க கண்ணு. எனக்கு இங்க சுரைக்காய் கெடக்குது, அழுகறதுக்குள்ள ஆக்கோணும்."

பட்டையில் புதியதை ஏற்ற நான்கு நிமிடம் ஆனது. நாச்சிமுத்துவின் எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பொத்தானை எப்படி அழுத்துவது என்று காட்டினாள். "வெளிய இருந்து வந்ததுன்னா உங்க காதுல முதல்ல சொல்லும் சார். பிடிச்சா அழுத்துங்க. இல்லைன்னா விட்டுருங்க. அவசரமில்லை."

அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு அடுக்களை வாசலைப் பார்த்தார். தொண்டை அசைந்தது.

இரண்டு. பட்டையின் சின்னப் பச்சை விளக்கு மின்னியது. வெளியே போய்த் திரும்பிவிட்டது. என்ன கொண்டுவந்தது என்று அவருக்கு மட்டும் தெரியும். புருவம் சுருங்கியது. விரல் பொத்தானிலிருந்து விலகியது. விளக்கு அணைந்தது.

ஐந்து. அடுக்களையில் கத்தி பலகையில் படுகிற சத்தம். ஏழு. கழுத்து நரம்பு புடைத்தது. அவர் நெற்றியில் வேர்வை. உதவி செய்ய வேண்டும் போல அவளுக்குக் கை பரபரத்தது. கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். ஒன்பது.

"கா… யி… லு."

யாருடைய வீடியோவிலிருந்தும் எடுக்காத குரல். உடைந்த, ஈரமான, மனிதத் தொண்டையிலிருந்து நேரே வந்த ஒலி.

"ஏனுங்" என்று பழக்கத்தில் பதில் குரல் கொடுத்தார் வசந்தாமணி அடுக்களையிலிருந்து.

கத்தி இன்னும் இரண்டு தடவை பலகையில் பட்டது. பிறகு நின்றது.

வசந்தாமணி அடுக்களை வாசலுக்கு வந்தார். கையில் பாதிச் சுரைக்காய். கணவனைப் பார்க்கவில்லை, சிந்துஜாவைப் பார்த்தார். "நீங்களா சொல்லிக் குடுத்தீங்க?"

"இல்லைங்க. எனக்கு அது என்னன்னே தெரியாது."

"சர்வருங்கறீங்களே, அது?"

"அது வேற என்னமோ கொண்டுவந்துச்சு. அவர் வேண்டாம்னுட்டார்."

வசந்தாமணி சுரைக்காயை மேசைமேல் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"மொத நாளு ஒர்க் ஷாப்புல எம் பேரு தெரியாதுங் இவருக்கு. கேக்கறதுக்குக் கூச்சம். காயில் சுத்தற புள்ளைங்கறதால 'ஏ காயிலு'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. கல்யாணத்துக்கப்பறம் பேரு தெரிஞ்சும் அதேதான். வெளி மனுசருக்கு முன்னால சொல்ல மாட்டாரு. ஊட்டுக்குள்ள மட்டும்."

நாச்சிமுத்துவின் தொண்டை மறுபடி அசைந்தது. இம்முறை யாரும் எண்ணவில்லை.

"காயிலு."

"கேக்குதுங். ஒருக்காச் சொன்னாப் போதாதா?" வசந்தாமணி கணவர் அருகில் போய் நின்றார். "என்ன வேணும்?"

காத்திருந்தார்கள். நாச்சிமுத்து எதுவும் சொல்லவில்லை. தொண்டை அசையவில்லை. பச்சை விளக்கும் எரியவில்லை. அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"ஒண்ணும் வேண்டாமாட்ட இருக்குது" என்றார் வசந்தாமணி. குரல் கொஞ்சம் இறங்கிப் போயிருந்தது. நாற்காலிப் பிடியில் இருந்த அவருடைய இடது கையை லேசாக ஓர் அடி அடித்தார். "இத்தனை நாளாக் கூப்பிட்டிருக்கீங்க. நான் பாட்டுக்குச் சந்தைக்கும் ஊட்டுக்கும் நடந்துட்டிருந்திருக்கறேன். ஒரு பூசணியைத் தூக்கி என் தலைலயே போட்டிருக்கலாமல்லங்க?"

நாச்சிமுத்துவின் முகத்தில் பாதி சிரித்தது. சத்தமும் வந்தது. பட்டை அதைத் திருத்தாமல் அப்படியே வெளியே விட்டது.

சிந்துஜா எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். பட்டையைப் பற்றி எப்படிக் கேட்பது என்று அவள் தடுமாறுவதைப் பார்த்து வசந்தாமணி காத்திருந்தார். அவள் கேட்கிற வரைக்கும் காத்திருந்தார்.

"பட்டையைக் கழட்டணுமாங்க?"

"கழட்டறதாவது. இருக்கட்டுமுங்." அதற்குள் ஒரு துணிப்பையை எடுத்துச் சுரைக்காயை அடுக்கத் தொடங்கிவிட்டார். "இதைக் கொண்டுபோங்க. வேண்டாம்னு சொன்னீங்கன்னா அப்பறம் நான் பேச மாட்டேன்."

"போயிட்டு வர்றேனுங்க" என்றாள் சிந்துஜா, இருவரிடமும்.

பதில் வருவதற்குப் பத்து விநாடி ஆனது. அவள் செருப்பு மாட்டாமல் வாசலில் நின்றாள்.

"வா… ங்க" என்றார் நாச்சிமுத்து.

பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் நான்கு சுரைக்காய், கைக்குழந்தை கனம். திங்கட்கிழமை நாற்பதாயிரம் பட்டையிலும் மூன்று இருக்காது. சிங்காநல்லூர் அப்பா இருமினால், வெளியே போய் வந்த 'மன்னிச்சிக்கோ' முதலில் அவர் காதில்தான் விழும். கையில் வாங்கி உருட்டிப் பார்ப்பார். மகள் எதிரில் நின்றுகொண்டிருப்பாள். அழுத்துவாரா, மாட்டாரா? மாட்டார் என்றால் அந்தப் பெண்ணிடமிருந்து ஒன்றைப் பிடுங்கியவள் தான்தான் என்று சிந்துஜாவுக்குத் தெரிந்தது. அழுத்தினால் அது முதன்முதலாக அவருடையதாகும். எதுவானாலும் அதைத் தான் மூன்று விநாடியில் முடித்துவைக்கக் கூடாது என்பது மட்டும் நிச்சயமாகப் பட்டது.

போன் அடித்தது. ரஃபீக்.

"என்னாச்சு? இருக்கட்டும்னுட்டாங்களா? எந்தக் காயாம்?"

அவள் சொல்ல வாயெடுத்தாள். முதல் சொல்லைத் தேடினாள். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆட்களை இறக்கி, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

மறுமுனையில் ரஃபீக் ஹலோ என்று சொல்லவில்லை. அவள் வாக்கியத்தை முடிக்கவும் பார்க்கவில்லை. அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.